பெருமிதமும் பிறர் பார்வையும்

நுழையும் முன்

தாய்நாட்டின்மீது பற்றுக் கொள்வது மனித இயல்பு. அப்பற்றே எல்லை கடந்து, 'எம்மினும் உயர்ந்தார் எவருமிலர்' என்னும் எண்ணமாக இறுகும்போது என்ன நிகழ்கிறது? அவ்வாறு இறுகிய ஒரு நாட்டை வெளியிலிருந்து பார்ப்பவர் எவ்வாறு காண்கிறார்? அப்படிப் பார்ப்பவரின் கண் மட்டும் மாசற்றதா? இவ்வினாக்களை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்கிறது இக்கட்டுரை.

பெருமிதமும் தற்பெருமையும்

எண்வகை மெய்ப்பாடுகளுள் பெருமிதத்தையும் ஒன்றாக வைத்தவர் தொல்காப்பியர். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கும் அது பிறக்கும் நிலைக்களங்கள் என்பது அவர் கருத்து. இந்நான்கையும் சற்று ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கல்வி பிறரிடமிருந்து பெறப்படுவது. கொடை பிறருக்கு வழங்கப்படுவது. அஞ்சாமை பிறர்முன் நிற்கும்போது வெளிப்படுவது. புகழோ பிறர் வாயிலிருந்தே பிறப்பது. ஆகவே, பிறரை விலக்கிவிட்டுப் பெருமிதம் கொள்ள இயலாது. தற்பெருமைக்கு அந்தத் தடை இல்லை. அது தன்னைத் தானே பார்த்து, தானே வியந்து, தானே நிறைவு கொள்ளும்.

தனிமனிதருக்குப் பொருந்தும் இவ்வேறுபாடு நாடுகளுக்கும் பொருந்தும். தனிமனிதர் தற்பெருமை பேசினால் அருகிலிருப்போர் நகைப்பர். அவரும் ஒருநாள் திருந்தக்கூடும். ஒரு நாடே தற்பெருமை பேசினால் அதனுள் இருப்போர் அனைவரும் சேர்ந்து பேசுவதால் நகைப்பதற்கு உள்ளே எவரும் இல்லை. அப்போது அதனைக் காண்பவர் வெளியில் இருப்பவரே. இதற்கு வரலாறு தரும் தெளிவான சான்றுகளுள் ஒன்று, 1793ஆம் ஆண்டில் சீனத்தில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு.

இரு பேரரசுகளின் சந்திப்பு

பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜார்ஜின் தூதராக மெக்கார்ட்னி பிரபு 1792 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். ஏறத்தாழ ஒன்பது மாதக் கடற்பயணத்திற்குப் பின் அவருடைய கப்பல்கள் சீனக் கரையை அடைந்தன. ஐரோப்பியரின் கடல்வழி வணிகத்தைக் காண்டன் என்னும் ஒரே துறைமுகத்திற்குள் அடக்கிச் சீன அரசு 1757இல் ஆணையிட்டிருந்தது. பிரித்தானியருக்கோ சீனத் தேயிலை இன்றியமையாததாகிவிட்டது. அதற்கு விலையாக வெள்ளி ஓயாது வெளியேறிக்கொண்டிருந்தது. வேறு துறைமுகங்களைத் திறந்துவிட வேண்டும், பொருள்களைச் சேமிக்கக் கரையோரத்தில் ஒரு சிறு தீவு வேண்டும், தலைநகரில் நிலையாகத் தங்கத் தூதர் ஒருவருக்கு இசைவு வேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகள்.

கோரிக்கைகளோடு பரிசுகளும் சென்றன. கோள்களின் இயக்கத்தைக் காட்டும் பொறி, தொலைநோக்கிகள், கடிகாரங்கள், பெரிய உருப்பெருக்கும் வில்லைகள், பீரங்கிகள், போர்க்கப்பல் ஒன்றின் மாதிரி வடிவம், குதிரை வண்டிகள் எனப் பிரித்தானியர் தம் அறிவின் உச்சம் என்று கருதியவை அனைத்தும் அவற்றுள் இருந்தன. அவற்றைக் கண்டு சீனப் பேரரசர் வியந்துபோவார் என்பது அவர்களின் நம்பிக்கை.

தெரிந்து தெளிவோம்

சீனத்திற்குத் தூதராகச் சென்ற மெக்கார்ட்னி, 1781 முதல் 1785 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். திப்பு சுல்தானுடன் 1784இல் மங்களூர் உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது அவர் காலத்தில்தான். அவ்வுடன்படிக்கைக்காகச் சென்ற குழுவில் இடம்பெற்ற ஜார்ஜ் லியோனார்ட் ஸ்டான்டன், பின்னர்ச் சீனத் தூதுக்குழுவிலும் அவருடைய செயலாளராகச் சென்றார்.

சீன அலுவலர்கள் விருந்தினரை மிகுந்த மரியாதையோடு வரவேற்றனர். உணவுப் பொருள்களை மிகுதியாக வழங்கினர். ஆனால், தூதுக்குழுவை ஆற்றின்வழி அழைத்துச் சென்ற படகுகளின் கொடிகளில் எழுதப்பட்டிருந்த செய்தி வேறு. இங்கிலாந்து திறை செலுத்த வருகிறது என்பதே அதன் பொருள். சீனப் பேரரசரை உலகின் நடுவில் வைத்துப் பிற நாடுகளெல்லாம் அவருக்குத் திறை கொணர்வன என்று கருதும் மரபில், சமநிலை உடைய அயல்நாட்டரசர் என்பவருக்கு இடமே இல்லை.

அடுத்து எழுந்தது வணக்கமுறைச் சிக்கல். பேரரசரின் முன் மும்முறை மண்டியிட்டு, ஒன்பது முறை தலை நிலத்திற்படப் பணிவது சீன மரபு. தமக்கு நிகரான பதவியிலுள்ள சீன அலுவலர் ஒருவர் தம் மன்னரின் உருவப்படத்திற்கு அவ்வாறே பணிவாராயின் தாமும் பணிவதாக மெக்கார்ட்னி கூறினார். அது ஏற்கப்படவில்லை. இறுதியில், தம் மன்னர்முன் செய்வதுபோல் ஒரு முழந்தாளை மட்டும் ஊன்றி வணங்க அவருக்கு இசைவு கிடைத்தது. 1793 செப்டம்பர் 14ஆம் நாள், ஜெஹோல் என்னும் இடத்தில் முதிய பேரரசர் சியான்லோங்கை அவர் சந்தித்தார்.

கோரிக்கைகளுள் ஒன்றும் நிறைவேறவில்லை. தம் பேரரசில் எல்லாப் பொருள்களும் நிறைந்துள்ளன, அயல்நாட்டுக் கைவினைப் பொருள்களுக்குத் தேவை இல்லை என்னும் கருத்தமைந்த மறுமொழி பிரித்தானிய மன்னருக்கு அனுப்பப்பட்டது. ஒரு நாட்டின் தற்பெருமைக்கு எடுத்துக்காட்டாக அம்மடல் பின்னாளில் உலகெங்கும் காட்டப்பட்டது.

காரணமுள்ள பெருமை

சியான்லோங் கூறியது பொய்யன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது. பட்டும் பீங்கானும் தேயிலையும் உலகிற்கு வழங்கிய நாடு அது. அதன் பரப்பும் மக்கள்தொகையும் அன்றைய பிரித்தானியாவை மிகச் சிறியதாகத் தோன்றச் செய்தன. தேர்வு நடத்தி அலுவலரைத் தெரிவு செய்யும் முறையை நெடுங்காலமாகப் பின்பற்றிய நாடும் அதுவே. அதன் பெருமைக்குக் காரணங்கள் இருந்தன.

காரணமில்லாத பெருமையைவிடக் காரணமுள்ள பெருமையே மிகுந்த எச்சரிக்கைக்குரியது என்பது என் கருத்து. காரணமில்லாத பெருமை விரைவில் உடைந்துவிடும். அதைத் தாங்கும் அடித்தளம் எதுவுமில்லை. காரணமுள்ள பெருமையோ, அக்காரணம் மறைந்த பின்னரும் பழைய நினைவைப் பற்றிக்கொண்டு நிற்கும். நேற்றைய உண்மை இன்றும் உண்மைதானா என்று அது கேட்பதில்லை. பீங்கானும் பட்டும் தன்னிடம் இருப்பது ஒரு நாட்டுக்குத் தெரிந்திருந்தது. கடலுக்கு அப்பால் பொறிகளின் ஆற்றலால் ஒரு புதிய உலகம் உருவாகி வருவதை அறிந்துகொள்ள அது எவரையும் அனுப்பவில்லை.

பேரரசர் முற்றிலும் அறியாமையில் இருந்தார் என்றும் கூறிவிட முடியாது. தூதுக்குழு திரும்பியபோது கடற்கரைக் காவலை வலுப்படுத்துமாறு அவர் ஆணையிட்டார். அயலாரின் ஆற்றலைப் பற்றிய ஐயம் அவர் உள்ளத்தில் இருந்தது. ஆனால், அந்த ஐயம் எச்சரிக்கையாக மாறிய அளவுக்குக் கற்கும் விருப்பமாக மாறவில்லை.

வந்தவர் கண்ணிலும் திரை

இதுவரை கூறியது கதையின் ஒரு பாதியே. வெளியிலிருந்து வந்தவர் தெளிவாகக் கண்டார், உள்ளிருந்தவர் குருடாயிருந்தார் என்று இதனை முடித்துவிட்டால் அது உண்மைக்கு முரணாகும்.

தம் பரிசுகள் சீனத்திற்கு முற்றிலும் புதியவை என்று பிரித்தானியர் நம்பினர். ஐரோப்பியத் துறவியர் 17ஆம் நூற்றாண்டு முதலே பீகிங் அரண்மனையில் வானியல் பணியாற்றி வந்தனர். ஜெஹோல் பூங்காவின் மாளிகைகளைச் சுற்றிப் பார்த்த மெக்கார்ட்னி, அங்கே நிறைந்திருந்த ஐரோப்பியக் கடிகாரங்களையும் கோளப் பொறிகளையும் கண்டு, தம் பரிசுகள் அவற்றின்முன் நாணி ஒடுங்க வேண்டியவை என்னும் கருத்தைத் தம் நாட்குறிப்பில் பதிவு செய்தார். அவர் பரிசளித்த குதிரை வண்டி மற்றொரு சிக்கலை எழுப்பியது. அதில் ஓட்டுபவரின் இருக்கை உயரத்திலும் பயணியின் இருக்கை தாழ்விலும் இருந்தன. பேரரசரைவிட உயர்ந்த இடத்தில், அவருக்கு முதுகு காட்டியவாறு ஒருவர் அமர்வதா என்று சீன அலுவலர் திகைத்தனர். பிறருடைய முறைமைகளைக் கேட்டறியாமல் தம் உயர்வைக் காட்ட முனைவோர் இத்தகைய திகைப்பை உண்டாக்குவது இயல்பே.

சீனப் பேரரசைப் பழுதுற்ற ஒரு பழைய போர்க்கப்பலுக்கு மெக்கார்ட்னி ஒப்பிட்டார். அதன் தோற்றமும் அளவுமே அண்டை நாடுகளை அச்சுறுத்துகின்றன, திறமையற்ற தலைவர் வாய்த்தால் அது கரைமோதிச் சிதையும் என்பது அவர் கணிப்பு. கூர்மையான கணிப்புத்தான். அக்கப்பலைச் சிதைத்ததில் தம் நாட்டுக்கே பெரும்பங்கு இருக்கப் போகிறது என்பதை மட்டும் அவர் எழுதவில்லை.

தேயிலைக்கு வெள்ளி கொடுத்துச் சலித்த பிரித்தானியர் அபினியை நாடினர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதிக்கத்தில் வங்காளப் பகுதியில் விளைந்த அபினி, கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டு, தனியார் கப்பல்களில் சீனத்திற்குக் கடத்தப்பட்டது. 1839இல் சீன ஆணையர் லின் சேசு இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்து அழித்தார். அதனைத் தம் நாட்டுக்கு நேர்ந்த இழிவாகப் பிரித்தானிய அரசு கொண்டது, போர் மூண்டது.

மெக்கார்ட்னியுடன் சென்றவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். செயலாளரின் மகனான ஜார்ஜ் தாமஸ் ஸ்டான்டன் என்னும் அவன், கப்பலிலேயே சீனமொழி பயின்றான். ஜெஹோலில் பேரரசரிடம் சீனமொழியில் அவன் சில சொற்கள் பேசியபோது, அவர் மகிழ்ந்து தம் இடையில் தொங்கிய மஞ்சள்நிறப் பையைக் கழற்றி அவனுக்குப் பரிசளித்தார். வளர்ந்தபின் அவர் சீனச் சட்டத் தொகுப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1810இல் வெளியிட்டார். சீனத்தை அவரளவுக்கு அறிந்த ஆங்கிலேயர் அன்று மிகச் சிலரே. 1840 ஏப்ரலில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் சீனப்போரைப் பற்றிய விவாதம் எழுந்தபோது, அவர் போர் நியாயமானது என்று பேசினார். இந்தியக் கல்விமுறையை மாற்றியமைத்த மெக்காலேயும் அமைச்சராக இருந்து போரை ஆதரித்தார். சமற்கிருதமோ அரபியோ அறியாமலே கீழை நாட்டு நூல்களின் மதிப்பை 1835இல் எடைபோட்டுத் தீர்ப்பு வழங்கியவர் அவர். சீனமொழி அறியாத கிளாட்ஸ்டனோ அது நீதியற்ற போர் என்று கடிந்துரைத்தார். அரசைக் கண்டிக்கும் தீர்மானம் ஒன்பது வாக்கு வேறுபாட்டில் தோற்றது.

மொழியறிவு உயர்ந்தது, எனினும் அதுமட்டுமே ஒருவரைத் தம் நாட்டின் தற்பெருமையிலிருந்து விடுவிப்பதில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. 1842இல் நான்கிங் உடன்படிக்கைப்படி ஹாங்காங் பிரித்தானியர் கைக்குச் சென்றது. ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. 1860இல் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் பீகிங்கின் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடின. பின்னர் அது எரிக்கப்பட்டது. மெக்கார்ட்னி பரிசளித்த பீரங்கிகள் அங்கே கிடந்ததைப் படையினர் கண்டனர்.

உண்மை சொன்னவருக்கு நேர்ந்தது

இவ்வளவு துன்பத்திற்குப் பிறகாவது சீன அரசு வெளியுலகை நோக்கியதா? 1877இல் குவோ சோங்தாவ் என்னும் அறிஞர் பிரித்தானியாவில் தங்கிய முதல் சீனத் தூதராக இலண்டனை அடைந்தார். மெக்கார்ட்னி வந்து சென்று அப்போது எண்பத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. ஷாங்காயிலிருந்து இலண்டன் வரையிலான தம் பயணக் குறிப்புகளை அவர் அரசுக்கு அனுப்பினார். மேலைநாடுகளுக்கும் ஈராயிரம் ஆண்டுகால நாகரிகம் உண்டு என்னும் கருத்தை அதில் எழுதியிருந்தார். நூல் அச்சானதும் கற்றறிந்தோரே கொதித்தெழுந்தனர். அதன் அச்சுப் பலகைகளை அழிக்குமாறு அரசவை ஆணையிட்டது. 1879இல் நாடு திரும்பிய குவோ, அரசுப்பணி எதனையும் மீண்டும் ஏற்காமல் ஒதுங்கி வாழ்ந்து 1891இல் மறைந்தார்.

அவர் தம் நாட்டை இழித்துரைத்தவர் அல்லர். கண்டதைக் கண்டவாறு கூறினால் தம் நாடு பிழைக்கும் என்று கருதியவர். தற்பெருமை முதலில் அயலாரின் சொல்லுக்குச் செவியை அடைக்கிறது. பின்னர், அயலாரைப் போலவே பார்க்கத் தெரிந்த தன் பிள்ளைகளையும் பகைவராக்கிவிடுகிறது. ஒரு நாட்டுக்கு அதனால் விளையும் மிகப்பெரிய இழப்பு இதுவே. அயலாரின் ஏளனத்தைத் தாங்கிக்கொள்ளலாம். உண்மை பேசத் துணிந்த சொந்த மக்கள் வாய் மூடிக்கொண்டால் அந்நாட்டுக்கு வழிகாட்ட எவருமில்லை.

நம்மைப் பற்றி ஓர் அயலார்

சீனத்தின் கதையைப் படித்து நாம் புன்னகைத்துக் கடந்துவிட முடியாது. இந்தியாவைப் பற்றியும் இதே குற்றச்சாட்டை ஓர் அறிஞர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதியுள்ளார். குவாரசம் நாட்டில் 973இல் பிறந்த அல்பருனி, சமற்கிருதம் கற்று, நம் நாட்டுச் சமயம், வானியல், கணிதம், பழக்கவழக்கங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து 1030 அளவில் ஒரு பெருநூலை முடித்தவர். தம் நாட்டைப்போல் வேறு நாடு இல்லை, தம் அறிவியலைப்போல் வேறு அறிவியல் இல்லை என்று இங்குள்ளோர் நம்புவதாகவும், பயணம் செய்து பிறருடன் பழகினால் அவ்வெண்ணம் மாறும் என்றும் அவர் எழுதினார்.

இதைப் படிக்கும்போது நமக்குச் சினம் எழலாம். அவர் கஜினி மாமூதின் அரசவையைச் சார்ந்தவர் அல்லரோ, படையெடுத்து வந்தோரின் பக்கம் நின்றவர் நம்மைக் குறைகூறலாமோ என்று கேட்கத் தோன்றும். அந்தப் படையெடுப்புகள் இந்நாட்டைச் சீரழித்து, மக்கள் உள்ளத்தில் வெறுப்பை விதைத்தன என்பதையும் அதே நூலில் அல்பருனி எழுதியிருக்கிறார். தம் அரசரின் செயலையும் மறைக்காதவர் அவர்.

அவர் மேலும் ஒன்றைக் குறிப்பிடுகிறார். இந்நாட்டின் முன்னோர் இவ்வாறு குறுகிய நோக்கு உடையவராய் இருந்ததில்லை என்கிறார். அதற்குச் சான்றாக 6ஆம் நூற்றாண்டு வானியல் அறிஞர் வராகமிகிரரைக் காட்டுகிறார். கிரேக்கர் அயலார் எனினும் அறிவியலில் தேர்ந்தவர் ஆதலால் அவர்களைப் போற்ற வேண்டும் என்பது வராகமிகிரர் கொள்கை. அவர் தொகுத்த ஐந்து வானியல் சித்தாந்தங்களுள் உரோமக சித்தாந்தமும் ஒன்று. நம் நூலில் இருந்தும் நாம் மறந்துவிட்ட நற்பண்பை ஓர் அயலார் எடுத்துக்காட்டுகிறார். அயலாரின் கண் நம் குறையை மட்டுமே காணும் என்று எண்ணுவதும் பிழையே.

நாம் செய்யத்தக்கது

அயலார் கூறுவதை அப்படியே ஏற்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. மெக்காலேயின் தீர்ப்பை ஏற்றிருந்தால் நம் இலக்கியங்களை நாமே தூக்கி எறிந்திருப்போம். அயலாரின் பார்வையிலும் அவர்தம் நாட்டின் தற்பெருமை கலந்திருக்கும். அவர்தம் தேவைகளும் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தறிவது நம் கடமை.

ஆனால், நம்மிடம் ஒரு விந்தையான வழக்கம் உண்டு. வெளிநாட்டறிஞர் ஒருவர் நம் மொழியையோ பண்பாட்டையோ புகழ்ந்தால் அதனை மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். அவருக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும் என்று அப்போது எவரும் கேட்பதில்லை. அவரே நம் தெருக்களின் தூய்மையின்மையையோ சாதி வேற்றுமையையோ சுட்டினால் உடனே அந்த வினா எழுகிறது. புகழுக்குச் சான்றாக ஏற்ற ஒருவரைக் குறைக்குச் சான்றாக மறுப்பது நேர்மையாகாது. சொன்னவர் யார் என்பதை விடுத்துச் சொன்னதில் உள்ள மெய்யைக் காண்பதே அறிவு என்று வள்ளுவம் நமக்குக் கற்பித்துள்ளது. புகழுரைக்கும் குறையுரைக்கும் அந்த அளவுகோலை ஒன்றுபோல் பயன்படுத்துதல் வேண்டும்.

பிறர் கண்டுபிடித்தவை எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன என்று பேசுவதும் இன்று பெருகிவருகிறது. உண்மையாக நம் முன்னோர் ஆக்கியவை பல. கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணையும் இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோவிலும் நம் கண்முன் நிற்கின்றன. அவற்றைப் பெருமிதத்தோடு கூறலாம். ஆனால், சான்று இல்லாதவற்றையும் அவற்றோடு சேர்த்துக் கூறினால் கேட்கும் அயலார் உண்மையானவற்றையும் ஐயுறத் தொடங்குவர். முன்னோருக்கு நாம் செய்யும் தீங்கு அதுவாகும்.

உயர்கல்விக்காகவும் பணிக்காகவும் பிற மாநிலங்களுக்கும் பிற நாடுகளுக்கும் செல்லவிருக்கும் தலைமுறை இன்று மேல்நிலை வகுப்புகளில் பயில்கிறது. அங்கே நம்மைப் பற்றிய கேள்விகள் எழும். அவற்றுள் சில அறியாமையால் எழுவன. சில ஏளனத்தால் எழுவன. சில உண்மையாகவே நாம் விடை தேட வேண்டியவை. எது எவ்வகை என்று பிரித்தறியும் பொறுமையும், உண்மையாக இருப்பதை ஏற்கும் துணிவும் வேண்டும். நாம் செல்லும் நாட்டைப் பற்றியும் அவ்வாறே கேட்டும் கற்றும் அறிய வேண்டும். குவோ சோங்தாவைப் போல் கண்டதை எழுதி அனுப்புவோர் நம்மிடையே தோன்றும்போது, அவர் எழுதியதை முழுவதும் படித்துவிட்டு விடை கூறும் சமூகமாக நாம் இருத்தல் வேண்டும்.